மாடுலர் சிந்தசைசருக்கு ஸ்கிரிப்ட் எழுதப் பழக நான்கு வழிகள்: எதில் தொடங்கலாம்?

மாடுலர் சிந்தசைசர் என்பது தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து வோல்டேஜால் இயக்கும் ஒலிக்கருவி. அதில் கேபிள் மாட்டிக் கொஞ்ச நாள் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: நான் சொல்வதைச் செய்கிற மாட்யூல் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? எட்டு கிளாக்குக்கு (தாளம் எண்ணும் துடிப்பு) ஒரு முறை சுரம் மாறவேண்டும், இன்னொரு கேட் (திறந்திருக்கும்வரை வோல்டேஜ் உயர்ந்து நிற்கும் சிக்னல்) திறந்திருந்தால் மட்டும் மாறக் கூடாது என்று வையுங்கள். இதை மாட்யூல்களாலேயே கட்டப் போனால் டிவைடர், லாஜிக், சாம்பிள் அண்ட் ஹோல்ட் என்று பெட்டியில் பாதி இடம் போய்விடும். ஸ்கிரிப்டில், அதாவது மாட்யூலுக்குள் ஓடும் சிறு நிரலில், சில வரிகளோடு முடிகிற வேலை.

சரி, எதில் எழுதுவது? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களுக்கிடையே மாட்டிக்கொள்கிறார்கள். விசிவி ரேக் மென்பொருளுக்குள் இருக்கும் புரோட்டோடைப், மோனோம் நிறுவனத்தின் க்ரோ, அதே நிறுவனத்தின் டெலிடைப், கையால் சாலிடர் செய்து கட்டக்கூடிய யூரோபை. அவர்கள் முதலில் கேட்பது "எந்த மொழி சுலபம்?" என்றுதான். என்னைக் கேட்டால் மொழி இதில் கடைசிக் கவலை. லூவாவோ பைதானோ, தேவையான அளவு இலக்கணத்தை ஒரு வார இறுதியில் பிடித்துவிடலாம். காலத்தையும் வோல்டேஜையும் வைத்து யோசிக்கப் பழகுவதற்குத்தான் நாளாகும். அதை எது சீக்கிரம் கற்றுக்கொடுக்கும் என்பதை வைத்தே இந்த நான்கையும் பார்க்கப் போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ஒரு வரியை மாற்றியதற்கும் அந்த மாற்றம் காதில் விழுவதற்கும் இடையில் ஆகும் நேரம். இது ஒரு நொடிக்குள் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் நிறையச் சோதித்துப் பார்க்கலாம். சேமி, நகலெடு, மறுபடி இயக்கு என்று போனால் மூன்றாவது சோதனைக்குள் அலுத்துவிடும். தொடங்குபவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

அடுத்தது, தப்பு செய்தால் என்ன தெரிகிறது என்பது. எந்த வரியில் பிழை என்று திரையில் வருகிறதா, அல்லது மாட்யூல் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறதா?

மூன்றாவது, மாட்யூல் தானாக எவ்வளவு செய்து தருகிறது என்பது. கிளாக் வந்ததை அதுவே கண்டுபிடித்துச் சொல்லுமா, நாம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமா? இதில் 'நிறையச் செய்து தருவதே நல்லது' என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்று கீழே வரும்.

அப்புறம் வெளியே வரும் வோல்டேஜின் வீச்சு. யூரோரேக்கில் (இந்த மாட்யூல்களின் பொது அளவுமுறை) சுருதிக்கு ஓர் ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்பது வழக்கம். அதில் 12 அரைச்சுரங்கள், ஆகவே ஓர் அரைச்சுரம் என்பது சுமார் 83 மில்லிவோல்ட். வெளியீடு சில மில்லிவோல்ட் விலகினால் பரவாயில்லை; 20, 30 என்று விலகினால் காது காட்டிக்கொடுத்துவிடும். மைனஸ் வோல்டேஜ் வருமா என்பதும் கவனிக்கவேண்டியது. மாடுலேஷனுக்கு, அதாவது ஒலியின் தன்மையை வோல்டேஜால் மாற்றிக்கொண்டே இருப்பதற்கு, அது அடிக்கடி தேவைப்படும்.

கடைசியாக, விலைப்பட்டியலில் வராத செலவுகள். பெட்டி, பவர் சப்ளை, ஒலி எழுப்ப ஓர் ஆசிலேட்டர், ஒலியளவை வோல்டேஜால் ஏற்றி இறக்கும் ஒரு வி.சி.ஏ., சாலிடரிங் கருவிகள், பிறகு வேறெங்கும் உதவாத ஒரு மொழியைக் கற்கச் செலவிடும் நேரம்.

நான்கையும் ஒரே பயிற்சியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பயிற்சி இது: ஒவ்வொரு கிளாக்குக்கும் சுரம் ஒரு படி மேலேயோ கீழேயோ தடுமாறி நகரவேண்டும், மேஜர் ஸ்கேலுக்கு வெளியே போகக் கூடாது. சின்ன வேலைதான். ஆனாலும் ஒரு நிகழ்வுக்குக் காத்திருப்பது, இப்போது எங்கே நிற்கிறோம் என்று நினைவில் வைப்பது, பட்டியலிலிருந்து ஒரு மதிப்பை எடுப்பது, எண்ணை வோல்டேஜாக மாற்றுவது என எல்லா அடிப்படைகளும் இதில் அடக்கம். கீழே அட்டவணையில் ட்ரிகர் என்பது மிகக் குறுகிய துடிப்பு, சிவி என்பது கட்டுப்படுத்தும் வோல்டேஜ், டிசி கப்பிள்டு என்பது நிலையாக நிற்கும் வோல்டேஜையும் கடத்துவது.

| | புரோட்டோடைப் | க்ரோ | டெலிடைப் | யூரோபை |
|---|---|---|---|---|
| மொழி | ஜாவாஸ்கிரிப்ட், லூவா முதலியவை | லூவா | தனக்கென ஒரு சிறு மொழி | மைக்ரோபைதான் |
| உள்ளீடுகள் | 6 | 2 | 8 ட்ரிகர், 1 சிவி | 1 டிஜிட்டல், 1 அனலாக் |
| வெளியீடுகள் | 6 | 4 | 4 ட்ரிகர், 4 சிவி | 6 |
| வெளியீட்டு வீச்சு | வன்பொருள் வரம்பு இல்லை | −5 முதல் +10 வோல்ட் | 0 முதல் 10 வோல்ட் | 0 முதல் 10 வோல்ட் |
| திருகு, திரை | 6 திருகு, 6 பொத்தான், சிறு திரை | எதுவும் இல்லை | 1 திருகு, திரை | 2 திருகு, 2 பொத்தான், திரை |
| கம்ப்யூட்டர் | எப்போதும் வேண்டும் | எழுதும்போது மட்டும் | வேண்டாம் | எழுதும்போது மட்டும் |
| மறைமுகச் செலவு | நிஜ மாட்யூல்களோடு இணைக்க டிசி கப்பிள்டு இன்டர்ஃபேஸ் | பெட்டி, பவர், மற்ற மாட்யூல்கள் | அவற்றோடு இடமும் கீபோர்டும் | அவற்றோடு சாலிடரிங் |

## விசிவி ரேக் புரோட்டோடைப்

விசிவி ரேக் 2017-இல் வெளிவந்த, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகிற மாடுலர் சிந்தசைசர். இதன் இலவசப் பதிப்பே பழகுவதற்குத் தாராளம். புரோட்டோடைப் என்பது அதற்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு மாட்யூல். உங்கள் ரேக் பதிப்புக்கு அது கிடைக்கிறதா என்று விசிவியின் இணைய மாட்யூல் நூலகத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் கோப்பை உங்களுக்குப் பிடித்த எடிட்டரில் திறந்துகொள்ளலாம். சேமித்த உடனே மாட்யூல் அதைத் தானாக மறுபடி ஏற்றிக்கொள்ளும். முதல் அளவுகோலில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது.

மூன்றாவது அளவுகோலில்தான் விஷயம் இருக்கிறது. கிளாக் வந்ததைப் புரோட்டோடைப் உங்களுக்குச் சொல்லாது. நீங்கள் எழுதும் ஒரு ஃபங்ஷனை அது திரும்பத் திரும்பக் கூப்பிடும், அவ்வளவுதான். இயல்பு அமைப்பில் 32 சாம்பிளுக்கு ஒரு முறை (ஒலி அலையின் ஒவ்வோர் அளவீடும் ஒரு சாம்பிள்). ஒலி நொடிக்கு 48,000 சாம்பிளில் ஓடினால் உங்கள் ஃபங்ஷன் நொடிக்கு 1,500 முறை ஓடும். புதிதாக வருபவர் பெரும்பாலும் முதலில் எழுதுவது 'உள்ளீடு 1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சுரத்தை நகர்த்து' என்று. அரை நொடி திறந்திருக்கும் ஒரு கேட்டை அதில் மாட்டிப் பாருங்கள். ஒரே கேட்டுக்குச் சுரம் 750 முறை நகர்ந்து, மெட்டுக்குப் பதிலாக ஒரு கரகரப்பு வரும்.

தீர்வு எளிது. போன முறை வோல்டேஜ் தாழ்ந்திருந்ததா என்று ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, தாழ்விலிருந்து உயர்வுக்குப் போகும் அந்த ஒரு கணத்தில் மட்டும் நகர்த்தவேண்டும். ஏறும்போது 1 வோல்ட், இறங்கும்போது 0.1 வோல்ட் என்று இரண்டு எல்லைகள் வைத்தால், நடுவில் நடுங்குகிற சிக்னல் இரண்டு மூன்று கிளாக்காக எண்ணப்படாது. வன்பொருள் மாட்யூல்களுக்குள்ளும் இதே தந்திரம்தான் இருக்கிறது. இதை ஒரு முறை கையால் எழுதிவிட்டால், கிளாக் டிவைடர் முதல் சீக்வென்சர் வரை எதுவும் மர்மமாகத் தெரியாது. நமது பயிற்சி இங்கே இருபது வரிக்கு மேல் ஓடலாம். நான்கில் மிக நீளமானது இதுதான், அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதுதான்.

கவனிக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. கம்ப்யூட்டருக்குச் சுமை குறையட்டும் என்று ஃபங்ஷனை 256 சாம்பிளுக்கு ஒரு முறை ஓடும்படி மாற்றினால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே 5 மில்லிநொடிக்கு மேல் இடைவெளி விழும். விசிவி மாட்யூல்கள் அனுப்பும் ட்ரிகரின் நீளம் 1 மில்லிநொடி. அது உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். 'சில கிளாக் தவறுகிறது' என்று புலம்புகிறவர்கள் முதலில் இங்கேதான் பார்க்கவேண்டும்.

செலவு என்று பார்த்தால், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும்வரை எதுவும் இல்லை. நிஜ மாட்யூல்களோடு பேசவைக்க நினைக்கும்போது ஆரம்பிக்கும். சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் நிலையாக நிற்கும் வோல்டேஜை வெளியே விடாது; வழியில் உள்ள கெப்பாசிட்டர் தடுத்துவிடும். ஒலி போகும், சுருதிக்கான வோல்டேஜ் போகாது. டிசி கப்பிள்டு வகை இன்டர்ஃபேஸ் தனியாக வாங்கவேண்டும். இன்னொரு செலவு நேரம். நூலகத்தில் ஆயிரக்கணக்கில் மாட்யூல்கள் இருப்பதால், ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தவர் மாட்யூல் தேடிக்கொண்டே இரவைக் கழித்துவிடுவார்.

## க்ரோ

2019-இல் மோனோமும் விம்சிக்கல் ராப்ஸும் சேர்ந்து வெளியிட்டது. அகலம் 2 எச்பி, அதாவது ஒரு சென்டிமீட்டர்தான். ஆறு துளைகள், ஒரு யூஎஸ்பி வாய். முகப்பில் திருகும் இல்லை, திரையும் இல்லை.

கம்ப்யூட்டரில் ட்ரூயிட் என்ற டெர்மினல் நிரலைத் திறந்து ஒரு வரி தட்டினால் அது உடனே நடக்கும். 'இரண்டாவது வெளியீடு 3 வோல்ட் ஆகட்டும்' என்று லூவாவில் எழுதி என்டர் அடித்த நொடியே எதிரிலிருக்கும் ஆசிலேட்டரின் சுருதி எகிறும். கோப்பு வேண்டாம், சேமிக்க வேண்டாம். எழுதியதற்கும் கேட்பதற்கும் நடுவே இதைவிடக் குறைந்த தூரம் கிடையாது. முழு ஸ்கிரிப்டாக எழுதியபின் தற்காலிகமாக ஓட்டிப் பார்க்கலாம், அல்லது மாட்யூலின் நினைவகத்திலேயே பதித்துவிடலாம். பதித்தபின் யூஎஸ்பியைக் கழற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கிளாக்கைப் பிடிக்கும் வேலையை க்ரோ தானே பார்த்துக்கொள்கிறது. உள்ளீட்டுக்கு ஓர் எல்லையை வைத்து, 'ஏறும்போது என்னைக் கூப்பிடு' என்று சொன்னால் போதும். நாம் என்ன நடக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதினால் ஆயிற்று. பயிற்சி பத்து வரியில் முடிந்துவிடும். வெளியீடுகளில் இன்னொரு அழகு இருக்கிறது. 'அரை நொடியில் 5 வோல்ட்டுக்குப் போ, இரண்டு நொடியில் 0-வுக்கு வா' என்று பயணங்களாகக் கோத்து எழுதுவதற்கு உள்ளேயே ஒரு குட்டி மொழி வைத்திருக்கிறார்கள். என்வலப் (ஒரு முறை ஏறி இறங்கும் வோல்டேஜ்), எல்எஃப்ஓ (மெதுவாகத் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவது) எல்லாம் அதில் ஒற்றை வரி. −5 முதல் +10 வோல்ட் வரை கிடைப்பதால் சுருதிக்கும் மாடுலேஷனுக்கும் சேர்த்தே பயன்படும்.

தொல்லைகளும் உண்டு. பிழைச்செய்தி ட்ரூயிடில் மட்டும்தான் வரும். கம்ப்யூட்டரைக் கழற்றியபின் உள்ளே எந்த ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று மாட்யூலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. முடிவில்லாமல் சுற்றும் ஒரு லூப்பை எழுதிவிட்டால் அது அப்படியே உறைந்துவிடும். பதித்த ஸ்கிரிப்டை அழிக்கும் கட்டளை எது என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ட்ரூயிடுக்குக் கம்ப்யூட்டரில் பைதானும் நிறுவியிருக்கவேண்டும். டெர்மினலைப் பார்த்தாலே பயப்படுபவர்களுக்கு இது ஒரு படி. அப்புறம் லூவாவில் பட்டியல் 1-லிருந்து எண்ணப்படும், ஜாவாஸ்கிரிப்டிலும் பைதானிலும் 0-விலிருந்து. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறவர்களின் மெட்டு ஒரு படி தள்ளி ஒலிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

## டெலிடைப்

2015-இல் வந்தது, 18 எச்பி, அதாவது சுமார் 9 சென்டிமீட்டர் அகலம். முகப்பிலேயே ஒரு யூஎஸ்பி கீபோர்டை மாட்டி, அதிலிருக்கும் சிறு திரையைப் பார்த்துத் தட்டவேண்டியதுதான். கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை.

எட்டு ட்ரிகர் உள்ளீடுகளுக்கு எட்டு ஸ்கிரிப்ட்கள். மெட்ரோநோமுக்கு ஒன்று, தொடக்க அமைப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஆறே வரிகள். கிளாக்கை முதல் துளையில் மாட்டினால் முதல் ஸ்கிரிப்ட் ஓடும். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் எதுவும் எழுதவேண்டாம். தடுமாறி நகரும் எண் என்பது இந்த மொழியில் உள்ளேயே இருக்கிற ஒரு மாறி. பெயர் 'ட்ரங்க்', ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒரு படி மேலேயோ கீழேயோ போகும், சில நேரம் அங்கேயே நிற்கும். ஸ்கேலை ஒரு பேட்டர்னில் (டெலிடைப்பின் எண் பட்டியல்) எண்களாக நிரப்பி, ட்ரங்குக்கு மேல்வரம்பு ஒன்றைத் தொடக்க ஸ்கிரிப்டில் வைத்துவிட்டால், மீதி ஒரே வரி: பேட்டர்னில் ட்ரங்க் காட்டும் இடத்தில் உள்ள சுரத்தை முதல் வெளியீட்டுக்கு அனுப்பு. புரோட்டோடைப்பில் இருபது வரி பிடித்த அதே பயிற்சி.

இதில் தசம எண்களே கிடையாது. 0 முதல் 10 வோல்ட் வரை 0 முதல் 16,383 வரையான முழு எண்களாகப் பேசும். அந்தக் கணக்கில் ஓர் அரைச்சுரம் 136 சொச்சம் வரும், யாரும் அதைக் கையால் கணக்கிட வேண்டாம். அரைச்சுர எண்ணைக் கொடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். கூட்டல்கூட 'கூட்டு 3 4' என்று குறியை முன்னால் வைத்துத்தான் எழுதவேண்டும். முதலில் விசித்திரமாக இருக்கும், பிறகு கைவந்துவிடும்.

ஆனால் டெலிடைப்பில் படித்தது டெலிடைப்போடு நின்றுவிடும். அந்த மொழி வேறெங்கும் செல்லாது. ஃபங்ஷன், பெயர் வைத்த மாறிகள் என்று சராசரி நிரலாக்கத்தில் இருப்பவை இதில் அநேகமாக இல்லை. 'இதைச் சாக்காக வைத்து நிரல் எழுதவும் கற்றுக்கொள்ளலாம்' என்று நினைப்பவருக்கு இது தப்பான கதவு. மாறாக, மேடையில் வாசித்துக்கொண்டே ஒரு வரியை அழித்து வேறொன்று எழுத ஆசைப்படுபவருக்கு மற்ற மூன்றும் கிட்டவே வராது. ஆறு வரி என்ற கட்டுப்பாடும் அப்போது பலம்: முழு ஸ்கிரிப்டும் ஒரே பார்வையில் கண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

## யூரோபை

ஆலன் சிந்தசிஸ் வெளியிட்ட திறந்த மூல வடிவமைப்பு. நடுவில் இருப்பது 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற மலிவான சிறு பலகை. 264 கிலோபைட் நினைவகம். அதில் மைக்ரோபைதான் ஓடுகிறது. ஏற்கெனவே எழுதிவைத்த ஸ்கிரிப்ட்கள் மெனுவாக உடன் வருவதால், எதுவும் எழுதாமலேயே பயன்படுத்தத் தொடங்கலாம். பிறகு அவற்றில் ஒன்றைத் திறந்து எண்களை மாற்றிப் பார்த்துப் படிக்கலாம். கற்பதற்கு இது நல்ல வழி, பலர் இதை மதிப்பதில்லை.

நமது பயிற்சியை எழுதினால் க்ரோவின் நீளமே வரும். டிஜிட்டல் உள்ளீடு உயரும்போது ஓடவேண்டிய ஃபங்ஷனைக் காட்டிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். திரை இருப்பதால் இப்போது எந்தச் சுரம் என்று எழுதிக் காட்டலாம். பிழை தேடும்போது இது எவ்வளவு உதவி என்று க்ரோவோடு போராடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாற்றிய ஸ்கிரிப்டை எடிட்டரிலிருந்து ஒவ்வொரு முறையும் மறுபடி ஓட்டவேண்டும். புரோட்டோடைப் அளவுக்கு வேகம் இல்லை, பொறுத்துக்கொள்ளலாம்.

வெளியீடுகள் பிடபிள்யூஎம் முறையில், அதாவது வேகமான துடிப்புகளின் அகலத்தை மாற்றி, உருவாகி, வடிகட்டப்பட்டு வருகின்றன. கேட், ட்ரிகர், மெதுவான மாடுலேஷன் எல்லாவற்றுக்கும் இது போதும். சுருதிக்குப் பயன்படுத்த முதலில் மல்டிமீட்டர் வைத்துக் கவனமாகக் காலிபிரேட் செய்யவேண்டும். மைனஸ் வோல்டேஜ் கிடையாது; வேண்டுமானால் வோல்டேஜை மேலே கீழே நகர்த்தும் ஆஃப்செட் மாட்யூல் ஒன்று தேவை. மைக்ரோபைதான் அவ்வப்போது நினைவகத்தைச் சுத்தம் செய்ய ஒரு கணம் நிற்கும். மெதுவான கிளாக்கில் தெரியாது, வேகமான தாளத்தில் லேசாக இடறுவது கேட்கும்.

பெரும் செலவு சாலிடரிங். கருவிகளும் பழக்கமும் இருப்பவருக்கு ஒரு மாலை வேலை. இல்லாதவர் ஒரே நேரத்தில் சாலிடரிங், பைதான், மாடுலர் என்று மூன்றையும் கற்கிறார். வேலை செய்யவில்லை என்றால் பிழை ஸ்கிரிப்டிலா, பலகையிலா என்றே தெரியாமல் விழிப்பார். கட்டி முடித்த நிலையில் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன்.

## பட்டியலில் வராத மற்றவை

ப்யூர் டேட்டா இலவசம், அருமையானது. ஆனால் அதில் எழுதுவதற்குப் பதிலாகப் பெட்டிகளைக் கோடிழுத்து இணைக்கிறோம். மாடுலர் தெரிந்தவருக்கு ஏற்கெனவே தெரிந்த சிந்தனைதான் திரும்பக் கிடைக்கும். மோனோமின் நார்ன்ஸ் லூவாவில் எழுதும் தனி ஒலிக் கணினி, க்ரோவோடு நன்றாகப் பேசும். முதல் படியாக அது பெரிது. சி++ எழுதி மாட்யூலின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையே மாற்றுவது வேறு உலகம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பைல் செய்து ஏற்றவேண்டும். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

## யாருக்கு எது

கையில் வன்பொருள் எதுவும் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், புரோட்டோடைப். அதிலும் லூவாவைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரிப்ட் அப்படியே க்ரோவுக்குப் போகாது, கட்டமைப்பு வேறு. இலக்கணம் மட்டும் கைவசம் இருக்கும்.

பெட்டியும் சில மாட்யூல்களும் ஏற்கெனவே இருந்து, பக்கத்தில் கம்ப்யூட்டர் இருப்பதில் ஆட்சேபம் இல்லையென்றால் க்ரோ. ஒரு சென்டிமீட்டர் இடம் எந்தப் பெட்டியிலும் கிடைத்துவிடும். திரையைப் பார்த்துக் களைத்து, மாலையில் கம்ப்யூட்டரைத் தொடாமல் இசைக்க விரும்புகிறவருக்கு டெலிடைப். பைதான் ஏற்கெனவே தெரிந்தவர், அல்லது வேலைக்காக எப்படியும் படிக்கவேண்டியவர், சாலிடரிங்குக்கு அஞ்சாதவர் என்றால் யூரோபை.

இன்னும் முடிவு வரவில்லையா? வாங்கும் முன் புரோட்டோடைப்பிலேயே ஒத்திகை பார்க்கலாம். ஒரு வாரம் இரண்டு உள்ளீடு, நான்கு வெளியீடு மட்டும் வைத்து, திருகுகளைத் தொடாமல் எழுதுங்கள். அதுதான் க்ரோவோடு வாழ்க்கை. அடுத்த வாரம் தசம எண்ணே இல்லாமல், ஒரு ட்ரிகருக்கு ஆறு வரிக்கு மேல் போகாமல். பிறகு 0 முதல் 10 வோல்ட்டுக்குள் மட்டும், ஒரு கிளாக் உள்ளீடும் இரண்டு திருகும் வைத்து. மூன்றில் ஏதோ ஒன்றில் திருகு இல்லையே என்றோ, மைனஸ் வோல்டேஜ் இல்லையே என்றோ கை பரபரக்கும். அந்த மாட்யூலைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, மிச்சமிருப்பதில் உங்கள் பெட்டியில் எத்தனை எச்பி காலியாக இருக்கிறது, பவர் சப்ளை இன்னொரு மாட்யூலைத் தாங்குமா என்று பார்த்தபின் வாங்குங்கள்.